இரட்டிப்பாகத் தருகிறோம், முதலில் நீங்கள் அனுப்புங்கள்: கிரிப்டோ பரிசு மோசடிகள் குறித்து ஓர் ஆசிரியரின் குறிப்பு

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை புடவைக் கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மாலை கடை வாசலில் என்னைக் கண்டதும் கையடக்கத் தொலைபேசியை நீட்டினான். திரையில் இலோன் மஸ்க் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கியூஆர் குறியீடு.

"சேர், இவர் கிரிப்டோ பரிசு குடுக்கிறாராம். நாங்க அனுப்புறத ரெண்டு மடங்காத் திருப்பித் தருவாராம். உண்மையா இருக்குமா?"

எனக்கு பஸ் பிடிக்கும் அவசரம். "எனக்கு இதெல்லாம் விளங்காது மகன், யோசிச்சுச் செய்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

இரண்டு கிழமைகளுக்குப் பிறகு அவனே என்னைத் தேடி வந்தான். ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், உம்மா நம்பிக் கொடுத்து வைத்திருந்த சீட்டுக் காசுமாக 140,000 ரூபா போய்விட்டிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

பிள்ளையின் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், "தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் நாங்கள் படித்த ஆரம்பப் பாடங்களில் ஒன்று. அன்று நான் அதைச் செய்யவில்லை. பிறகு தேடிப் படித்தவற்றை, அவனைப் போன்ற பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கிரிப்டோ நாணயத்தில் முதலீடு செய்வது ஆகுமா, கூடாதா என்பது உலமாக்கள் பேச வேண்டிய விடயம். நான் பேசுவது களவைப் பற்றி மட்டுமே.

ஒரே கதை, பல முகங்கள்

பரிசு மோசடியின் கதை மிக எளிமையானது. பிரபலமான செல்வந்தர் ஒருவர் அல்லது நிறுவனமொன்று மக்களுக்கு கிரிப்டோ நாணயம் வழங்குகிறது. பங்குபற்ற விரும்புவோர் முதலில் ஒரு தொகையை அனுப்ப வேண்டும். "உங்கள் முகவரியை உறுதிப்படுத்துவதற்காக" என்று காரணம் சொல்வார்கள். அனுப்பிய தொகை இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்பார்கள். நேரம் குறைவு, இடங்கள் முடிந்துகொண்டிருக்கின்றன என்று அவசரப்படுத்துவார்கள்.

இதன் மிகப் பெரிய அரங்கேற்றம் 2020 ஜூலை 15ஆம் திகதி நடந்தது. பராக் ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ், ஜெப் பெசோஸ், இலோன் மஸ்க், அப்பிள் நிறுவனம் ஆகியோரின் உண்மையான டுவிட்டர் கணக்குகளிலிருந்தே இந்த அறிவிப்பு வெளியானது. ஆயிரம் டொலர் பெறுமதியான பிட்கொயின் அனுப்பினால் இரண்டாயிரம் டொலர் திரும்பி வரும், முப்பது நிமிடங்களுக்கு மட்டும் என்பது அதன் சாரம். போலிக் கணக்குகளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களும் அன்று ஏமாந்தார்கள். ஏனெனில் கணக்குகள் அசலானவை, பெயருக்குப் பக்கத்தில் நீலக் குறியும் இருந்தது. சில மணி நேரத்தில் 400க்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் ஊடாக 117,000 டொலருக்கும் அதிகமான தொகை மோசடிக்காரர்களின் கைக்குப் போனது.

இதைச் செய்தவர்கள் டுவிட்டரின் தொழில்நுட்பத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. அந்நிறுவன ஊழியர்களுக்குத் தொலைபேசியில் பேசி, நம்பவைத்து, உள்நுழையும் விபரங்களைப் பெற்றார்கள். பிரதான குற்றவாளி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த 17 வயதுப் பையன். எங்கள் உயர்தர வகுப்பில் இருக்கும் வயது. 2021இல் அவனுக்கு மூன்று வருடத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்திலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு உண்மையானது என்பதால் செய்தியும் உண்மையாகிவிடாது.

அந்த நேரலை எப்படித் தயாராகிறது?

என் மாணவன் பார்த்தது யூடியூப் நேரலை. "பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தாங்க சேர், அவ்வளவு பேரும் மடையன்களா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

முதலாவது வேலை, பின்தொடர்வோர் அதிகமுள்ள ஒரு சனலைக் கைப்பற்றுவது. 2022 ஜூலை 3ஆம் திகதி பிரித்தானிய இராணுவத்தின் யூடியூப் சனல் கைப்பற்றப்பட்டு, அதில் மஸ்க் தோன்றும் கிரிப்டோ வீடியோக்கள் ஓடின. அதே வருடம் செப்டெம்பர் 3ஆம் திகதி தென்கொரிய அரசாங்கத்தின் சனலுக்கும் இதே கதிதான். 2023 மார்ச்சில், தொழில்நுட்பத்தையே பேசும் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பிரபல சனலும் பறிபோனது. விளம்பர அனுசரணை பற்றிய ஆவணம் என்று வந்த மின்னஞ்சல் இணைப்பை ஊழியர் ஒருவர் திறந்ததே காரணம்.

இரண்டாவது, வீடியோ. பழைய பேட்டியொன்றையோ மாநாட்டு உரையையோ எடுத்து நேரலை போல ஓட விடுவார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவின் மூலம் குரலையும் உதட்டசைவையும் மாற்றி, அவரே பரிசு பற்றிப் பேசுவதாகவும் காட்டுகிறார்கள். விண்கலம் ஏவுதல் போன்ற பெரிய நிகழ்வுகளின் நாளைத் தெரிவு செய்தால் ஆட்கள் தாமாகவே தேடி வருவார்கள்.

மூன்றாவது, கூட்டம். பார்வையாளர் எண்ணிக்கையைப் பணம் கொடுத்துக் கூட்டலாம். "எனக்கு வந்துவிட்டது" என்ற கருத்துகளைத் தானியங்கிக் கணக்குகளே எழுதும். கியூஆர் குறியீடு கொண்டுபோகும் இணையத்தளத்தில் "இப்போது பெற்றவர்கள்" என்று ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். அது வெறும் எழுத்து.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்குக் கிடைத்த முறைப்பாடுகளின்படி, 2020 ஒக்டோபர் முதல் 2021 மார்ச் வரையான ஆறு மாதங்களில் மட்டும் மஸ்க் போல நடித்தவர்களுக்கு மக்கள் 20 இலட்சம் டொலருக்கும் அதிகமாக அனுப்பியிருக்கிறார்கள். படிப்பறிவு இல்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நாம் நினைத்தால் அது நமது பிழை.

மூன்று தடவையில் போன பணம்

அவன் முதலில் அனுப்பியது 30,000 ரூபா பெறுமதியான நாணயம். எதுவும் திரும்பி வரவில்லை. அந்தத் தளத்தில் இருந்த "உதவி" என்ற பொத்தானை அழுத்தினான். அது டெலிகிராமில் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டது. உங்கள் பரிசு தயாராக இருக்கிறது, கணக்கைச் சரிபார்க்க இன்னும் 45,000 ரூபா தேவை என்றார் அவர். அதையும் அனுப்பினான். பிறகு வரி என்று 65,000 ரூபா. ஒவ்வொரு தடவையும் அவன் அனுப்பியது புதிய ஆசையால் மட்டுமல்ல, முதலில் போன பணத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தாலும்தான். மோசடிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும்.

வங்கியில் பிழையாக ஒரு தொகை போனால் முறையிட ஓர் இடம் உண்டு. பிட்கொயின் போன்ற நாணயங்களில், உறுதியான ஒரு பரிமாற்றத்தைத் திருப்பி எடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. முகவரி என்பது எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட வரிசை. அதன் பின்னால் இருப்பவர் யார் என்று அதில் எழுதியிருக்காது. பணம் எந்த முகவரிக்குப் போனது என்பதை யாரும் பார்க்கலாம், ஆனால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

இலவசமாகக் கொடுப்பதே இல்லையா?

"நோட்கொயின் உண்மையாத்தானே சேர் குடுத்தாங்க?" என்று அவன் கேட்டான். உண்மைதான். புதிய நாணயங்களை வெளியிடுவோர் தம் பாவனையாளர்களுக்குச் சில வேளைகளில் இலவசமாகப் பகிர்வதுண்டு. 2020 செப்டெம்பரில் யுனிஸ்வொப் என்ற தளம், அதுவரை அதைப் பாவித்த ஒவ்வொரு முகவரிக்கும் 400 நாணயங்கள் வழங்கியது. 2024இல் டெலிகிராமில் நோட்கொயின், ஹெம்ஸ்டர் கொம்பட் விளையாட்டுகளில் விரல் வலிக்கத் தட்டிய எமது இளைஞர்கள் ஏராளம்.

பொய் நிற்பது இந்த உண்மையின் மீதுதான். ஆகவே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். உண்மையான பகிர்வில், இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று உங்கள் நாணயத்தை யாரும் கேட்க மாட்டார்கள். வலையமைப்புக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை வரலாம். அது உங்கள் வொலட்டிலிருந்து வலையமைப்புக்குப் போகுமே தவிர, டெலிகிராமில் பேசும் ஒருவரின் முகவரிக்குப் போகாது.

இன்னும் இரண்டு பொறிகளையும் சொல்ல வேண்டும்.

ஒன்று, "வொலட்டை இணைத்துப் பரிசைப் பெறுங்கள்" என்னும் தளங்கள். பணம் கேட்க மாட்டார்கள். ஓர் அனுமதியை அழுத்தச் சொல்வார்கள். அந்த அனுமதியே உங்கள் வொலட்டில் உள்ளதை எடுக்கும் உரிமையாக இருக்கலாம். சில தளங்கள் 12 அல்லது 24 இரகசியச் சொற்களைக் கேட்கும். அந்தச் சொற்கள் பெட்டகத்தின் சாவி போன்றவை. எந்த உதவியாளருக்கும், எந்தக் காரணத்துக்காகவும் அவை தேவைப்படாது.

மற்றது, எமது பேராசையை மட்டுமல்ல, நேர்மையையும் சோதிக்கும் பொறி. யாரோ ஒருவர் அறியாமையால் எழுதியது போல, தன் வொலட்டின் இரகசியச் சொற்களை யூடியூப் கருத்துப் பகுதியில் போட்டிருப்பார். திறந்து பார்த்தால் உள்ளே பணம் இருக்கும். எடுப்பதற்குச் சிறு கட்டணம் தேவைப்படும். அதை நீங்கள் உள்ளே போட்டால் அதுவும் போய்விடும். அந்த வொலட்டிலிருந்து எதையும் வெளியே எடுக்க வேறொருவரின் ஒப்புதல் வேண்டும் என்று முன்கூட்டியே பூட்டி வைத்திருப்பார்கள். அடுத்தவர் பணத்தை எடுக்கப் போனவர் பொலிஸிலும் முறையிட மாட்டார் என்பது அவர்களது கணக்கு.

எமது நாட்டில் நிலைமை

மெய்நிகர் நாணயங்களின் ஆபத்து பற்றி இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பல தடவைகள் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. 2022 ஜூலையில் வெளியிட்ட அறிவித்தலில், இவ்வகை நாணயங்களுடன் தொடர்புடைய திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் தாம் உரிமமோ அதிகாரமோ வழங்கவில்லை என்றும், வெளிநாட்டுச் செலாவணி விதிகளின்படி டெபிட், கிரெடிட் அட்டைகளை இக்கொடுப்பனவுகளுக்குப் பயன்படுத்த முடியாது என்றும் தெரிவித்திருந்தது.

அட்டை வழி இல்லாததால் எமது பிள்ளைகள் வேறு வழியைத் தேடுகிறார்கள். டெலிகிராமில் அறிமுகமான ஒருவரின் வங்கிக் கணக்கில் ரூபாவை வைப்பிலிட்டு நாணயம் வாங்குகிறார்கள். என் மாணவனும் அப்படித்தான் வாங்கினான். அந்தக் கணக்கு வேறொரு மோசடியில் சிக்கியதாக இருந்தால், பணம் போட்டவரும் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

செய்ய வேண்டியவை

பெறுவதற்கு முன் அனுப்பச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். யார் சொன்னாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

வீடியோவில் உள்ள இணைப்பையோ கியூஆர் குறியீட்டையோ பாவிக்காமல், அந்த நிறுவனத்தின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தை நீங்களே தேடித் திறந்து பாருங்கள். சனலின் பழைய வீடியோக்களையும் பாருங்கள். நேற்றுவரை சமையல் சொல்லித்தந்த சனல் இன்று மஸ்கின் பெயரில் இருந்தால் விடயம் விளங்கிவிடும்.

அவசரப்படுத்தினால் ஒரு நாள் பொறுத்திருங்கள். நாளைக்கு இல்லாமல் போகும் பரிசு இன்றைக்கும் இருந்திருக்காது.

ஏற்கெனவே அனுப்பிவிட்டால், மேலும் ஒரு ரூபாவும் அனுப்ப வேண்டாம். அனுப்பிய முகவரி, பரிமாற்ற இலக்கம், உரையாடல்கள், வங்கிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். உள்ளூர் வங்கிக் கணக்குக்கு ரூபா போயிருந்தால் உடனே உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள். இரகசியச் சொற்களைக் கொடுத்திருந்தால், மிஞ்சியதைத் தாமதிக்காமல் புதிய வொலட்டுக்கு மாற்றுங்கள். இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பொலிஸ் நிலையத்திலும், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவிலும் முறையிடலாம். பணம் திரும்பக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முறைப்பாடு இல்லாவிட்டால் விசாரணையும் இல்லை.

"இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்" என்று வருபவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். முன்கட்டணம் கேட்கும் அவர்களும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். என் மாணவனுக்கும் அப்படியொரு செய்தி வந்திருந்தது. அதைக் காட்டி, "இவங்கள்ட கேட்டுப் பார்ப்பமா சேர்?" என்றுதான் அவன் என்னிடம் வந்தான். இம்முறை நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அன்று அவனுடன் அவனது வீட்டுக்குப் போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். உம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சல்லி போனாப் போகட்டும் மகன், முதல் தரம் போனப்பவே ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?" என்று கேட்டார்.

முதல் 30,000 ரூபாவுடன் அவன் வீட்டில் சொல்லியிருந்தால் மிச்சம் 110,000 ரூபா தப்பியிருக்கும். அவன் சொல்லாததற்குப் பயமும் வெட்கமும் காரணம். அதற்கு முன், அவன் கேட்ட நேரத்தில் நான் நின்று பார்க்காததும் ஒரு காரணம். பிள்ளையொன்று தொலைபேசியை நீட்டி "இது உண்மையா?" என்று கேட்டால், தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் சேர்ந்து பாருங்கள்.