கறுவாத்தோட்டம்

ஓரூரின் பெயர் அதன் பழங்கதையைச் சொல்லும் என்பர். கொழும்பு மாநகரின் ஏழாம் பிரிவாகிய கறுவாத்தோட்டம் இதற்குத் தக்க சான்று. இருமருங்கும் பெருமரங்கள் நிழல் பரப்பும் அகன்ற வீதிகளும் மதில் சூழ்ந்த மாளிகைகளும் அங்கு உள. ஆயினும், பெயர் தந்த கறுவாவைத் தேடிச் செல்வோர் ஏமாற்றமே அடைவர்.

ஒல்லாந்தக் கொம்பனியார் நெடுங்காலம் காட்டில் தானே வளர்ந்த கறுவாவையே உரித்து வந்தனர். சிறந்த பட்டை கண்டியரசனது நாட்டுக் காடுகளில் இருந்தமையால், அவன் சினந்தபோதெல்லாம் வாணிகம் தடைப்பட்டது. இவ்விடரைத் தவிர்க்கவே, 1765 முதல் 1785 வரை தேசாதிபதியாக விளங்கிய பால்க் என்பார் கொழும்பின் புறத்தே மருதானைப் பகுதியில் கறுவாவைப் பயிரிடுவித்தார். அம்மணல் நிலம் அப்பயிருக்கு மிகவும் ஏற்றதாயிற்று. பட்டை உரிக்கும் கடமை சலாகம வகுப்பார்மீது சுமத்தப்பட்டது. அஃது அவர்தம் விருப்பத்தாற் செய்த தொழிலன்று. பிறப்பால் வந்த கட்டாய ஊழியம். உத்தரவின்றிக் கறுவா மரத்தை வெட்டியோருக்கு மரணதண்டனையும் விதிக்கப்பட்டிருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் அரசின் தனியுரிமை தொடர்ந்தது. 1833இல் அது நீங்கியது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமும் அக்காலத்திலேயே ஒழிந்தது. அப்போது தேசாதிபதியாயிருந்தவர் ஹோட்டன். தோட்டங்கள் படிப்படியாகத் தனியார் கைக்கு மாறின. கோப்பியும் தென்னையும் காரீயமும் ஈட்டித் தந்த பெரும்பொருள் அங்கே மாளிகைகளாக எழுந்தது. வீதிகளுக்கோ தேசாதிபதிமாரின் பெயர்கள் வந்தன: ஹோட்டன், பார்ன்ஸ், வார்ட், கிரெகரி, ரோஸ்மீட். கறுவா உரித்த கைகளுக்குரியோர் பெயரை எவ்வீதியும் பெறவில்லை.

தமிழருக்கும் இவ்விடத்தோடு நெருங்கிய தொடர்புண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதனது இல்லம் வார்ட் பிளேசிலும், அவர்தம் இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் இல்லம் ஹோட்டன் பிளேசிலும் இருந்தன. 1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் அருணாசலமே. உரிமை கோரிய குரல்கள் இம்மாளிகைகளிலிருந்து எழுந்தன. ஆனால், எல்லார்க்கும் வாக்குரிமை என்ற கோரிக்கையை இராமநாதன் எதிர்த்தார் என்பதும் வரலாறே. 1931இல் அவ்வுரிமை வந்தபோது, மாளிகையாரும் அவர்தம் தோட்டக்காரனும் ஒரே வாக்குச்சாவடியில் நின்றனர்.

1877இல் திறந்த நூதனசாலை, 1928இல் எழுந்த நகர மண்டபம், சுதந்திரச் சதுக்கம், வானொலி நிலையம் ஆகியன பொதுமக்களை இவ்வட்டாரத்துக்கு அழைத்தன. துயரமும் அதனை விட்டுவைக்கவில்லை. 1959 செப்டெம்பர் 25ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்கா ரோஸ்மீட் பிளேசிலுள்ள தம் இல்லத்திற் சுடப்பட்டு மறுநாள் மாண்டார். காலப்போக்கில் வீதிப் பெயர்களும் சில மாறின. கிறீன் பாத் என்றிருந்தது ஆனந்த குமாரசாமி மாவத்தையாயிற்று.

தேசாதிபதிமாரும் செல்வரும் வந்து சென்றனர். எனினும், இவ்விடத்தின் பொதுப்பெயரை அவருள் எவராலும் தமதாக்க இயலவில்லை. மணல் நிலத்தில் வேர்விட்ட ஒரு செடியும், அதன் பட்டையை உரித்த பெயரறியா மாந்தரின் உழைப்புமே இன்றும் அப்பெயரில் வாழ்கின்றன.