முறிந்த எலும்பும் அளவான அசைவும்

எலும்பு முறிந்தால் ஆடாமல் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். மருத்துவ உலகிலோ ஓய்வா, அசைவா என்ற இந்த வழக்கு நெடுங்காலம் தீராமலேயே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ், நீண்ட, இடைவிடாத ஓய்வே மருந்து என்று உறுதியாக நின்றார். பாரிஸில் லூக்கா-ஷாம்பியோனியே, மெல்லப் பிடித்துவிட்டு அளவாக அசைத்தால் எலும்பு விரைவில் கூடும் என்று வாதாடினார். இருவரிடமும் அனுபவம் நிறைய இருந்தது. எவ்வளவு அசைவு, எத்தனை நேரம் என்று அளந்து பார்க்க வழிதான் இல்லை.

அந்த வழி 1985-இல் பிரிட்டனில் திறந்தது. ஆலன் குட்ஷிப்பும் ஜான் கென்ரைட்டும் செம்மறியாடுகளின் கணைக்கால் எலும்பை வெட்டி, 3 மி.மீ. இடைவெளி விட்டு, காலுக்கு வெளியே உலோகச் சட்டம் பூட்டி இறுக்கினார்கள். ஒரு பிரிவு ஆடுகளுக்கு அத்தோடு சரி. இன்னொரு பிரிவுக்கு, நாள்தோறும் 17 நிமிடம் மட்டும், எலும்பின் இரு முனைகளையும் நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் போல நெருக்கி நெருக்கி விட்டார்கள். இரண்டு நொடிக்கு ஒரு தடவை; கூட்டினால் நாளைக்கு 500 தடவை. எஞ்சிய இருபத்து மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு அசைவு தரவில்லை. ஆனாலும் அசைவு பெற்ற கால்கள் தெளிவாக முந்திக்கொண்டு கூடின. பிறகு கணைக்கால் முறிந்த மனிதர்களிடமும் இதே முறையைச் சோதித்து, அங்கும் பலன் உண்டென்று 1991-இல் வெளியிட்டார்கள்.

இது ஏன் நடக்கிறது? முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அது மென்திசுவாகி, குருத்தெலும்பாகி, கடைசியில் எலும்பாகிறது. இந்தத் திரட்சியைத்தான் மருத்துவர்கள் ‘காலஸ்’ என்கிறார்கள். சிறு அசைவு அங்குள்ள செல்களைத் தூண்டிக் காலஸைப் பெருக்குகிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாங்கும் வரம்பு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஸ்டெஃபான் பெரன் 1970-களின் இறுதியில் அதைக் கணக்காகவே வகுத்துத் தந்தார்: தொடக்கநிலை மென்திசு தன் நீளத்தில் 100 சதவீதம் வரை இழுபட்டாலும் அறாது, குருத்தெலும்பு 10 சதவீதம் போலத் தாங்கும், எலும்புக்கோ 2 சதவீதம்தான். ஆகவே முதல் வாரங்களில் நன்மை செய்த அதே அசைவு, பின்னால் கெடுதலாகலாம். குட்ஷிப் குழுவே 1998-இல் அதைக் காட்டியது. ஆரம்பத்திலேயே தந்தபோது உதவிய தூண்டல், ஆறு வாரம் கழித்துத் தொடங்கியபோது எலும்பு கூடுவதைத் தடுத்தது. இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் முடிவு இதுதான். எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் தெரியாமல் அசைவை மருந்தாகக் கொடுக்க முடியாது.

அசைவின் மிகச் சிறிய வடிவம் அதிர்வு. அதிர்வு என்றதும் பலருக்கு நினைவு வருவது ஏறி நிற்கும் அதிர்வுப் பலகை. அமெரிக்காவின் கிளின்ட் ரூபின் 2001-இல், நொடிக்கு 30 அதிர்வு, புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு என்ற அளவில், செம்மறியாடுகளை நாளைக்கு 20 நிமிடம் ஓராண்டு நிறுத்திப் பார்த்தார். பலகையின் வீச்சு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனாலும் தொடையெலும்பின் பஞ்சு போன்ற உட்பகுதி 34 சதவீதம் அடர்ந்தது. முறிவுக்கும் இது உதவும் என்ற நம்பிக்கை பிறந்தது. எலிகளில் செய்த சில ஆய்வுகள் அதை வலுப்படுத்தின. பின்னர் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் பார்த்தபோது விஷயம் சிக்கலானது. சூலகம் நீக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் குறைந்த எலிகளுக்கு அதிர்வு நன்மை செய்தது. ஆரோக்கியமான எலிகளிலோ முறிவு கூடுவதையே அது கெடுத்தது. ஆகவே உடற்பயிற்சிக் கூடத்துப் பலகையில் ஏறி நின்றால் முறிவு ஆறும் என்று யார் சொன்னாலும், சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது என்றே அழுத்தமாகச் சொல்வேன்.

காதுக்குக் கேட்காத மீயொலி அதிர்வின் கதையும் இத்தகையதே. நாளைக்கு 20 நிமிடம் தோலின்மேல் வைக்கும் சிறு கருவிக்கு 1994-இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. பல நாடுகளில் விற்றது. கணைக்கால் முறிந்து உட்கம்பி பொருத்தப்பட்ட 501 பேரிடம் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மைக் கருவிக்கும் வெற்றுக் கருவிக்கும் வேறுபாடு தெரியவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு வழி. முறிவில் வைக்கும் உலோகத் தகடுகள் அளவுக்கு மீறி இறுக்கமாக இருப்பதால் காலஸ் சரியாக வளராமல் போவதைக் கண்ட ஆய்வாளர் மைக்கேல் போட்லாங், தகட்டை மாற்றாமல் திருகாணியை மாற்றினார். அந்தத் திருகாணி எலும்பின் எதிர்ப்பக்கச் சுவரில் மட்டும் பிடிக்கும். அருகுச் சுவரில் சிறு இடம் விட்டிருப்பதால் சற்றே வளைந்து கொடுக்கும். ஆடுகளில் அவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், காலஸ் 36 சதவீதம் பெரிதாக வளர்ந்தது. கூடிய எலும்பு முறுக்கு விசையை 54 சதவீதம் கூடுதலாகத் தாங்கியது. இதற்குத் தனி எந்திரம் எதுவும் வேண்டாம். ஆடு காலூன்றி நடக்கும்போது விழும் உடல் எடையே தேவையான அசைவைத் தந்துவிடுகிறது. காலஸ் இறுக இறுக அந்த அசைவும் தானாகக் குறைகிறது.