மாலை மழையும் தலைநகரின் திடீர் வெள்ளமும்



பகலெல்லாம் கொளுத்தும் வெயில். மாலை நான்கு மணிக்கு மேகம் கறுக்கிறது. சில்லென்று காற்று வீசுகிறது. "அப்பாடா" என்று நாம் மூச்சு விடும் அந்த வேளையில்தான் கோலாலம்பூரின் கால்வாய்கள் நிரம்பத் தொடங்குகின்றன. குளிர்ந்த மாலைக்கும் திடீர் வெள்ளத்துக்கும் உள்ள இந்த உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. நகரத்தோடு உடன்பிறந்தது.

சூடேறிய தரை ஈரக்காற்றை மேலே அனுப்புகிறது. அது உயரத்தில் குளிர்ந்து இடிமேகமாகிறது. மழை விழும்போது கனத்த குளிர்காற்றும் சேர்ந்து கீழே இறங்குகிறது. நம்மைத் தழுவும் குளிர்ச்சி அதுதான். இந்த மழை நாடு முழுவதும் பெய்வதில்லை. செத்தாப்பாக்கில் கொட்டும்போது பங்சாரில் வெயில் அடிக்கலாம். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் இது அதிகம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1857இல் அம்பாங்கில் ஈயம் தேடிச் சென்றவர்கள் படகை விட்டு இறங்கிய இடம், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சங்கமம். 'சேற்றுச் சங்கமம்' என்பதே கோலாலம்பூர் என்ற பெயரின் பொருள். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது!

1881ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீ நகரை அழித்தது. அதே ஆண்டு இறுதியில் வெள்ளம் வந்தது. மரமும் அத்தாப்பும் இனி உதவாது, செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று சிலாங்கூர் ரெசிடென்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்காகச் செங்கல் சூளைகள் எழுந்த பகுதியே பிரிக்பீல்ட்ஸ். பின்னாளில் இரயில்வே வேலைக்கு வந்த நம் மக்கள் குடியேறிய அதே பிரிக்பீல்ட்ஸ்தான். நம்மவர் வாழ்ந்த ஒரு வட்டாரத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு தீயும் ஒரு வெள்ளமும் இருக்கின்றன என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1926இல் மீண்டும் பெருவெள்ளம். ஆற்றை நேராக்கு, ஆழப்படுத்து, கரையை உயர்த்து என்பதே நெடுங்காலம் மருந்தாக இருந்தது. 1971 ஜனவரியில் நாள் கணக்கில் பெய்த பருவமழை அந்த மருந்தைச் சோதித்தது. தலைநகரில் மட்டும் 32 பேர் மாண்டனர். பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் என அறிவித்தார். அதே ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுக்கென நிரந்தர ஆணையம் அமைக்கப்பட்டது.

ஆனால் 2001 ஏப்ரலிலும் 2003 ஜூனிலும் தலைநகர் மூழ்கியது பருவமழையால் அல்ல, சில மணி நேர மழையால். ஏன்? ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஹெக்டர் நிலத்தில் 60 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஆறு லட்சம் லிட்டர் தண்ணீர். அங்கே ரப்பர் தோட்டம் இருந்தால் மண்ணும் சருகும் கணிசமான பங்கைக் குடிக்கும். மிச்சம் மெதுவாக ஓடும். அதே இடம் தாமானாகி, தாரும் சிமெண்டும் மூடிவிட்டால் ஏறக்குறைய அத்தனையும் நிமிடங்களில் கால்வாய்க்கு வந்துவிடும். பெய்த மழை அதேதான். அதைத் தாங்கும் நிலம் மாறிவிட்டது.

2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் இதற்கான துணிச்சலான பதில். 9.7 கிலோமீட்டர் நீளம். 30 லட்சம் கன மீட்டர் நீரைத் தேக்கும் ஏற்பாடு. சாதாரண நாளில் ஒரு பகுதியில் கார் ஓடும். பெருமழையில் சாலையை மூடித் தண்ணீரை விடுவார்கள். உலகம் வியந்த திட்டம்தான். ஆனால் அது காப்பது நகர மையத்தை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையேறி உதவிக்குக் காத்திருந்தபோது அந்தச் சுரங்கம் அவர்களுக்கு எட்டவில்லை.

நீர்ப்பாசன வடிகால் இலாகா 2001 முதலே வேறு வழி சொல்கிறது. தண்ணீரை விரட்டாதே, விழுந்த இடத்திலேயே சற்று நேரம் நிறுத்தி வை என்பதே அது. அதற்குத்தான் குடியிருப்புகளில் தேக்கக் குளங்கள். அந்தக் குளத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பும் பேச்சு உங்கள் வட்டாரத்தில் எழுந்தால் "சும்மா கிடக்கும் இடம்தானே" என்று இருந்துவிடாதீர்கள். அது சும்மா கிடக்கவில்லை. ஒரு மாலை மழைக்காகக் காத்துக் கிடக்கிறது. நகராண்மைக் கழகத்திடம் கேள்வி கேட்பது நம் உரிமை.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் முன்னோர். இன்று காரை விடுகிறோம்! இரண்டு அடி நீரோட்டம் பெரும்பாலான கார்களை இழுத்துச் சென்றுவிடும். வீட்டில் காத்திருப்போர் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கட்டும், தவறில்லை.

ஆறு தன் பழைய பாதையை மறப்பதில்லை. மறந்தது நாம்தான். அடுத்த முறை மாலைக்காற்று சில்லென்று வீசினால் ரசியுங்கள். கூடவே வாசலுக்கு வந்து, வீட்டெதிர்க் கால்வாயில் குப்பை அடைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.