ஆர்1பி: ஐரோப்பாவின் அப்பா வழிக் கதை

அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் கன்னாட் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. மழை, கல், ஆடு, அதைத் தாண்டினால் அட்லாண்டிக் கடல். பழைய கேலிக் குடும்பப் பெயர் கொண்ட கன்னாட் ஆண்களின் டி.என்.ஏ.வைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டு வெளியானது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேரிடம் ஒரே தந்தைவழி மரபுதான் இருந்தது. அந்த மரபுக்கு இன்றைய பெயர் ஆர்1பி.

ஒரு மாகாணமே ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகளாக இருப்பது எப்படி? அந்தத் தாத்தா யார், எங்கிருந்து வந்தார்? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் முதலில் மிக அழகான ஒரு பதிலைச் சொன்னார்கள். பதினைந்து வருடம் கழித்து அது தவறு என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் கொஞ்சம் அறிவியல், பயப்பட வேண்டாம். ஆண்களிடம் மட்டுமே இருப்பது ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஏறக்குறைய மாறாமல் போகும். நம்மூர் இனிஷியல் மாதிரிதான். ஆனால் நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும், இது மாறாது.

"ஏறக்குறைய" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் எங்காவது ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிடுவார். அந்தப் பிரதியைப் பார்த்து எழுதுகிற அடுத்தவரும் அதே தவறோடுதான் எழுதுவார். எந்தெந்த ஏட்டில் ஒரே பிழை இருக்கிறது என்று பார்த்தால், எது எதிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். பழைய நூல்களைப் பதிப்பித்தவர்களுக்கு இது கைவந்த கலை. ஒய் குரோமோசோமிலும் இப்படி எழுத்துப் பிழைகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. ஒரே பிழையைச் சுமப்பவர்கள் எல்லோரும் ஒரே ஆணின் வழி வந்தவர்கள். எம்269 என்பது அப்படி ஒரு பிழைக்கு வைத்த பெயர். ஐரோப்பாவில் ஆர்1பி என்று பேசினால் பெரும்பாலும் எம்269 உள்ள கிளையைத்தான் சொல்கிறார்கள். 2010ல் வந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி அதைச் சுமக்கும் ஐரோப்பிய ஆண்கள் 11 கோடி பேர்!

இனி அந்த அழகான பதில். ஆர்1பி இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்தால் மேற்கே போகப் போக நிறம் அடர்த்தியாகிறது. துருக்கியில் குறைவு, ஜெர்மனியில் நடுத்தரம், அயர்லாந்திலும் வேல்ஸிலும் ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்களிடமும் மிக அதிகம். பாஸ்க் மக்களின் மொழிக்கு உலகில் உறவு மொழியே கிடையாது. சுற்றியுள்ள இந்தோ-ஐரோப்பிய மொழிகள் வருவதற்கு முன்பே அங்கே இருந்த மொழி அது. ஆகவே பாஸ்க் மக்கள் ஐரோப்பாவின் ஆதிக்குடிகள், அவர்களிடம் அதிகம் இருக்கும் ஆர்1பி ஆதி ஐரோப்பியரின் மரபு என்று முடிவு கட்டினார்கள். 2000ல் 'சயின்ஸ்' இதழில் வந்த செமினோ குழுவின் கட்டுரை இதற்கு முழு வடிவம் கொடுத்தது. பனியுகம் உச்சத்தில் இருந்தபோது மனிதர்கள் ஸ்பெயின் பக்கம் ஒதுங்கினார்கள், பனி உருகியதும் அங்கிருந்து வடக்கே பரவினார்கள் என்பது கதை. அயர்லாந்துக்காரரும் பாஸ்க்காரரும் பனியுக வேட்டைக்காரர்களின் வாரிசுகள் என்று புத்தகங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் சொல்ல ஆரம்பித்தன. கேட்பவர்களுக்கும் இனித்தது. "நாங்கள்தான் இங்கே முதலில் வந்தவர்கள்" என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இந்தக் கதையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதல் ஓட்டை, வரைபடம் காட்டுவது இன்று உயிரோடு இருப்பவர்களைத்தான். ஒரு மரபு எங்கே அதிகமாக இருக்கிறதோ அங்கேதான் பிறந்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடத்தில்கூட அதிகமாகப் பெருகியிருக்கலாம். இரண்டாவது ஓட்டை கடிகாரம். எழுத்துப் பிழைகளை எண்ணி வயது சொல்ல வேண்டுமானால், எத்தனை தலைமுறைக்கு ஒரு பிழை விழுகிறது என்று தெரிய வேண்டும். அப்போது இரண்டு வேகங்கள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று உண்மையான அப்பா-மகன் ஜோடிகளில் அளந்தது. மற்றது மக்கள்தொகை வரலாற்றிலிருந்து கணக்கிட்டது. இரண்டுக்கும் ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம்! ஒரே தரவை வைத்துக்கொண்டு ஒருவர் 18,000 ஆண்டு என்றால் இன்னொருவர் 6,000 ஆண்டு என்று சொல்ல முடியும். 2010ல் ஒரு குழு, இது வேட்டைக்காரர் மரபே இல்லை, துருக்கிப் பக்கத்திலிருந்து விவசாயத்தோடு வந்தது என்றது. 2011ல் இன்னொரு குழு, இந்தத் தரவை வைத்து வயதே சொல்ல முடியாது என்றது. சண்டை முடிகிற மாதிரி இல்லை.

முடித்து வைத்தது எலும்புகள். பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் தொழில்நுட்பம் 2010க்குப் பிறகு வேகமாக வளர்ந்தது. ஐரோப்பாவின் முதல் விவசாயிகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஜி2ஏ என்ற வேறு மரபு. ஆல்ப்ஸ் பனியில் 1991ல் கிடைத்த 'ஓட்ஸி' என்ற 5,300 ஆண்டுப் பழைய மனிதனும் ஜி2ஏ தான். வேட்டைக்காரர்களிடம் பெரும்பாலும் ஐ என்ற மரபு. இன்று எங்கு பார்த்தாலும் இருக்கும் எம்269ஐ மட்டும் மேற்கு ஐரோப்பாவின் பழைய புதைகுழிகளில் காணவில்லை!

2015ல் விடை கிடைத்தது. ஹாக் என்பவரின் தலைமையில் வெளியான ஆய்வு 69 பழங்கால ஐரோப்பியரைப் பரிசோதித்தது. ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் சமாரா என்ற பகுதி. அங்கே யம்னயா என்ற மேய்ச்சல் மக்கள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களைப் புதைத்து மேலே மண்மேடு எழுப்பினார்கள். அந்த மேடுகளில் கிடைத்த ஆண்கள் ஏழு பேர். ஏழு பேரும் எம்269! கன்னாட்டிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மாட்டு வண்டியும் மந்தையுமாகப் புல்வெளியில் திரிந்தவர்களிடம் அந்த மரபு இருந்தது. அங்கிருந்து மேற்கே வந்தவர்கள் கி.மு. 3000க்குப் பிறகு மத்திய ஐரோப்பாவில் நுழைந்தார்கள், அவர்களோடு இந்த மரபும் வந்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. யம்னயா மண்மேடுகளில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் எம்269ன் இசட்2103 என்ற கிளை. மேற்கு ஐரோப்பாவில் இருப்பதோ எல்51 என்ற அண்ணன் தம்பிக் கிளை. அப்பா வீடு தெரிந்துவிட்டது, ஆனால் இந்தப் பிள்ளை எந்த வாசல் வழியாக வெளியே போனான்? 2021ல் செக் நாட்டின் பொஹீமியா பகுதியிலிருந்து வந்த ஆய்வு ஓரளவு வழி காட்டியது. கயிற்றுத் தடம் பதித்த பானை செய்த மக்கள் என்று தொல்லியலாளர் சொல்லும் கூட்டத்தின் ஆரம்ப காலப் புதைகுழிகளில் எல்51 வழி வந்தவர்கள் இருந்தார்கள்.

அதற்கும் முந்தைய தலைமுறைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சைபீரியாவில் பைக்கால் ஏரிக்கு அருகே மால்ட்டா என்ற இடத்தில் 24,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு சிறுவனின் எலும்பில் ஆர் மரபின் மிகப் பழைய வடிவம் கிடைத்தது. இந்த ஆர் என்ற மூல மரத்துக்கு நம் பக்கமும் உறவு உண்டு. ஆர்1பியின் உடன்பிறந்த கிளையான ஆர்1ஏ இந்தியாவில் பரவலாக இருக்கிறது. பெரியப்பா வீட்டுக் கிளையான ஆர்2 தெற்காசியாவில்தான் அதிகம், தமிழரிடமும் சிங்களவரிடமும் உண்டு. இத்தாலியில் வில்லப்ரூனா என்ற இடத்தில் 14,000 ஆண்டுப் பழைய வேட்டைக்காரர் ஒருவரிடம் ஆர்1பியே கிடைத்தது. பழைய கதைக்காரர்கள் சந்தோஷப்பட்டிருக்கலாம், ஆனால் அவரிடம் எம்269 இல்லை. தூரத்துப் பங்காளி, அவ்வளவுதான்.

தூரத்துப் பங்காளி என்றதும் இன்னொரு கிளையைச் சொல்லாமல் விட முடியாது. வி88 என்ற ஆர்1பி கிளை எங்கே அதிகம் தெரியுமா? ஆப்பிரிக்காவில்! வடக்கு கேமரூனின் சில இனக்குழுக்களில் பத்தில் ஒன்பது ஆண்களுக்கு மேல் இதைச் சுமக்கிறார்கள். இதே கிளை செர்பியாவின் டான்யூப் கரையில் வாழ்ந்த பழைய வேட்டைக்காரர்களிடமும் கிடைத்திருக்கிறது. சகாரா பாலைவனம் ஏரியும் புல்லுமாக இருந்த காலத்தில் மத்தியதரைக் கடலைத் தாண்டி, சகாராவையும் கடந்து தெற்கே போனவர்கள் என்று கருதுகிறார்கள். "ஆர்1பி வெள்ளைக்காரர் மரபு" என்று யாராவது சொன்னால் கேமரூனைக் காட்டலாம்.

மறுபடி அயர்லாந்து. வட கடற்கரைக்கு எதிரே ராத்லின் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே 2006ல் ஒரு மதுக்கடைக்குப் பின்னால் பாதை போட மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. சுமார் 4,000 ஆண்டுப் பழைய மூன்று ஆண்கள். 2015ல் டி.என்.ஏ. முடிவு வந்தது, மூவரும் ஆர்1பி. அதற்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் முன்பு பெல்ஃபாஸ்ட் அருகே வாழ்ந்த விவசாயப் பெண் ஒருவரின் எலும்பையும் அதே ஆய்வில் சோதித்தார்கள். அவருடைய சாயல் மத்தியதரைக் கடல் பக்கம் போனது. ராத்லின் ஆண்களின் சாயலோ இன்றைய அயர்லாந்துக்காரர்களைப் போலவே இருந்தது. பனியுக வேட்டைக்காரர் கதை அங்கே முடிந்தது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் கடுமை. 2018ல் வந்த பெரிய ஆய்வின்படி, கி.மு. 2450 வாக்கில் மணி வடிவக் குவளைகளோடு கண்டத்திலிருந்து புது மக்கள் வந்தார்கள். சில நூற்றாண்டுகளுக்குள் பிரிட்டனின் மரபணுத் தொகுதியில் சுமார் 90 சதவீதம் மாறிப்போனது. ஸ்டோன்ஹெஞ்சின் பிரம்மாண்டமான கற்களை நிறுத்தியவர்களின் வாரிசுகள் இன்றைய பிரிட்டனில் அபூர்வம்! போரா, கொள்ளை நோயா? பிளேக் கிருமியின் தடயம் அந்தக் காலத்து ஐரோப்பிய, ஆசிய எலும்புகளில் கிடைத்ததாக 2015ல் ஓர் ஆய்வு வந்தது. எல்லாவற்றையும் நோயின் தலையில் போட்டுவிட முடியுமா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

நடுவில் ஒரு ராஜா கதையும் இருக்கிறது. ஒன்பது பணயக் கைதிகளின் நியால் என்பவர் அயர்லாந்து மரபு சொல்லும் ஐந்தாம் நூற்றாண்டு அரசர். 2006ல் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், வடமேற்கு அயர்லாந்தில் ஐந்தில் ஒரு ஆணிடம் ஆர்1பியின் எம்222 என்ற கிளை இருப்பதைக் கண்டு, இது நியாலின் வம்சமாக இருக்கலாம் என்றார்கள். அவ்வளவுதான், அமெரிக்காவில் பரிசோதனை செய்துகொண்டவர்களில் பலர் இளவரசர்கள் ஆகிவிட்டார்கள். பின்னர் துல்லியமாக அளந்தபோது அந்தக் கிளை நியாலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பிரிந்துவிட்டது என்று தெரிந்தது. நியாலும் அதில் ஒருவராக இருந்திருக்கலாம், ஆனால் எம்222 உள்ளவர் எல்லாம் நியாலின் பேரன் இல்லை.

கடைசியாக ஸ்பெயின், ஆதிக்குடி கதை ஆரம்பித்த இடம். 2019ல் வந்த ஆய்வு சொன்ன கணக்கு இது: கி.மு. 2000க்குள் அங்கே மொத்த வம்சாவளியில் 40 சதவீதம் புல்வெளித் தொடர்புள்ள மக்களால் மாற்றப்பட்டது. ஆனால் ஒய் குரோமோசோமில் மாற்றம் ஏறத்தாழ 100 சதவீதம்! இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய மக்களின் இரத்தம் பாதிக்கு மேல் தங்கிவிட்டது, ஆனால் பழைய ஆண்களின் வழி கிட்டத்தட்ட அறுந்துவிட்டது. அம்மாக்கள் அந்த ஊர், அப்பாக்கள் புதியவர்கள். சண்டையில் கொன்றார்களா, சில நூறு ஆண்டுகளில் அதிகாரமும் சொத்தும் உள்ளவர்களின் பிள்ளைகள் மட்டும் பெருகினார்களா என்பதை எலும்பு சொல்லாது.

பாஸ்க் மக்களும் இந்த அலைக்குத் தப்பவில்லை. அவர்களிடம் உள்ள ஆர்1பியும் அப்போது வந்ததுதான். ஆக, அப்பாக்கள் மாறினார்கள், மொழி மட்டும் மாறவில்லை. மற்ற இடங்களில் புதியவர்களின் மொழி ஜெயித்தபோது இங்கே மட்டும் ஏன் பழைய மொழி நின்றது என்பது பெரிய புதிர். பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது அம்மாக்கள் என்பதால் என்று சொல்பவர்கள் உண்டு. அது மட்டும் காரணமென்றால் ஸ்பெயின் முழுவதும் அல்லவா நின்றிருக்க வேண்டும்!

அதே ஆய்வில் வரும் ஒரு புதைகுழி தென் ஸ்பெயினில் காஸ்டில்லெஹோ டெல் பொனெட்டே என்ற இடத்தில் இருக்கிறது. வெண்கலக் காலத்துக் கல்லறை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆணின் மரபணுவில் புல்வெளி மக்களின் பங்கு தெரிகிறது. பெண்ணிடம் அது துளியும் இல்லை, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்த குடும்பத்துப் பெண்.