தலைகீழானாலும் நிமிரும் படகு

1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து ஃபாஸ்ட்நெட் பந்தயத்துக்கு 303 பாய்மரப் படகுகள் கிளம்பின. அயர்லாந்துக் கடலருகே புயல் தாக்கியது; போட்டியாளர்கள் 15 பேர் மாண்டனர். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று: ‘அசெண்ட்’ என்ற கான்டெஸா 32.

டேவிட் சாட்லர் வடிவமைத்து, ஜெரமி ரோஜர்ஸ் லிமிங்டனில் கட்டிய ஃபைபர்கிளாஸ் படகு இது. நீளம் 32 அடி, அகலம் ஒன்பதரை அடிதான். உள்ளே நெருக்கடி, எதிர்காற்றில் மேல்தளமெல்லாம் தண்ணீர். வசதி தேடுபவருக்குப் பிடிக்காது.

ஆனால் மொத்த எடையில் ஏறக்குறைய பாதி அடியில், நீருக்குள் இருக்கிறது. 90 பாகை சாய்ந்தால் பாய்மரம் தண்ணீரில் படுத்துவிடும்; இதுவோ சுமார் 155 பாகை வரை சாய்ந்தும் தானே எழும். வேகத்துக்காக லேசாக, அகலமாகக் கட்டிய அன்றைய பந்தயப் படகுகளுக்கு அந்தத் தெம்பு இல்லை. விபத்துக்குப் பிந்தைய விசாரணை அறிக்கையும் இந்த வேறுபாட்டைத்தான் ஆராய்ந்தது.