பழைய நாகசுரத்தின் காலமும் மதிப்பும்

முன்னுரை

பழைய நாகசுரம் ஒன்று கைமாறும்போது, அது எக்காலத்தது, என்ன விலை பெறும் என்னும் இரு வினாக்கள் எழுகின்றன. மரத்தின் கருமையையும் தேய்மானத்தையும் கொண்டே விடை கூறுவோர் உளர். அம்முறை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மரத்தின் வயதும் கருவியின் வயதும்

கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அங்கு ஆச்சா மரத்தால் உலவு கடையப்படுகிறது. ஈரம் உலராத மரம் வெடிக்கும் ஆதலின், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் கைவினைஞர் தேடிப் பெறுகின்றனர். எனவே, அண்மையில் கடைந்த கருவியிலும் மிகப் பழைய மரம் இருத்தல் கூடும். அன்றியும் அணசு, கெண்டை, சீவாளி ஆகியன தனித்தனியே மாற்றத்தக்கவை. அவற்றுள் ஒன்றன் பழைமை முழுக் கருவியின் பழைமைக்குச் சான்றாகாது.

சுருதி தரும் சான்று

உருவில் சிறிய திமிரி உயர்ந்த சுருதியில் ஒலிப்பது. நீண்ட பாரி ஏறத்தாழ இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஒலிப்பது. திமிரியில் சுத்த மத்திமம் தூய்மையாக அமைவதில்லை என்னும் குறை இருந்தது. டி.என்.இராசரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய பாரி அக்குறையைப் போக்கியது. ஆகவே, அவ்வமைப்பிலான பாரியை 20ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டது எனக் கொள்ளுதல் இயலாது. ஆனால் திமிரியாக இருப்பது மட்டுமே பழைமையை நிறுவாது. பாரி தோன்றிய பின்னரும் திமிரி வழக்கொழிந்துவிடவில்லை.

இருவகை மதிப்பு

வாசிப்போர்க்கு, உலவில் வெடிப்பின்மையும் சுருதித் தூய்மையுமே மதிப்பு. வரலாற்று ஆய்வாளர்க்கோ, ஏழு விரல் துளைகளின் இடைவெளியும், அடியிலுள்ள பிரம்மசுரத் துளைகளில் சுருதிக்காக இட்ட மெழுகும் மதிப்புடையன. முன்னோர் வாசித்த சுருதி அவற்றில் பதிந்துள்ளது. இன்றைய மேடைக்கு ஏற்பத் துளைகளை அகலப்படுத்தினால் கருவியின் விலை உயரலாம், அச்சான்று மீளாது.

முடிவுரை

நிறம் காலத்தைக் காட்டாது. துளையும் சுருதியும் ஓரளவு காட்டும். ஆதலின் பழைய நாகசுரத்தைப் பழுதுபார்க்கும் முன் அதன் நீளம், துளை அளவு, சுருதி ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். விலையைப் பின்னரும் பேசிக்கொள்ளலாம். அழிந்த அளவைப் பின்னர்ப் பெறுதல் அரிது.