கல்வெட்டு வாய்மூடும் இடம்

உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள, இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், இரவிதாசன் முதலியோரையும், அவர்தம் உறவினர் நிலம் இழந்ததையும் கூறுகிறது. கொலையின் காரணத்தைக் கூறவில்லை.

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1935இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சோழர் வரலாற்றில் உத்தம சோழன்மேல் ஐயங்கொண்டார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் 1949இல் தமிழில் அதனை மறுத்தார். கல்கியோ, 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில், நந்தினி என்னும் கற்பனைப் பாத்திரத்தைக் கொண்டு அம்மௌனத்தை நிரப்பினார்.

மக்கள் நெஞ்சில் வாழ்பவள் நந்தினியே. பண்டாரத்தாரின் மறுப்பை அறிந்தோர் சிலரே. குறை கல்கியுடையதன்று. புதினத்தை வரலாறாகக் கொள்ளும் வாசிப்பும், வரலாற்றைச் சுவைபட எழுதத் தயங்கும் புலமையுமே குறை. கதைபோல் ஈர்த்து, கல்வெட்டு வாய்மூடும் இடத்தில், 'இனி வருவது ஊகம்' என உரைக்கும் நூலே மக்களுக்கான வரலாறு.